கூரையில்லாத காரில் பன்னிரண்டு குருத்து

கூரை திறக்கும் கார் வைத்திருப்பவனை பாலக்காட்டுப் பக்கம் எங்கள் நல்லேப்பிள்ளியில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "மழை வந்தா என்னங்க பண்ணுவீங்க?" பொத்தானை அமுக்கினால் பின்னாலிருந்து துணிக்கூரை எழுந்து வந்து மூடிக்கொள்ளும், இருபது விநாடிகூட ஆகாது என்று பதினோரு மாதமாகச் சொல்லி வருகிறேன். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். மறுநாள் வந்து அதையே மறுபடியும் கேட்பார்.

என் மனைவி பூங்கொடி மட்டும் வேறு கேள்வி கேட்டாள். "எதுக்குங்க?" நெல்லும் தென்னையும் வைத்துப் பிழைக்கிற ஒருவன், ஐம்பத்திரண்டு வயதில், வெளிநாடு போகிற கொச்சிக்காரர் ஒருவர் கழித்துவிட்ட சிவப்புக் காரை எதற்கு வாங்குவான்? ஆசைக்குத்தான். ஆசை என்று மனைவியிடம் சொல்ல வெட்கமாக இருந்ததால், நல்ல இன்ஜின் என்று சொல்லி வைத்தேன்.

குறைகளை நானே ஒத்துக்கொண்டு விடுகிறேன். தென்னந்தோப்பில் நிழல் என்றால் அது தென்னை நிழல்தான். அதன் அடியில் கூரையில்லாத காரை நிறுத்துபவனுக்குத் தேங்காயைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். வெயிலில் நிறுத்தினால் சீட்டு தோசைக்கல்லாகிவிடும். மாட்டுக் கொட்டகையில் நிறுத்திப் பார்த்தேன், பசு ஸ்டியரிங்கை நக்கி வைத்திருந்தது. ஒருமுறை நான்கு நாள் எடுக்காமல் விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தால், பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கிளப்ப மனசு வராமல் மூன்று வாரம் பஸ்ஸில் போய் வந்தேன். ஊரில் அந்தக் காருக்கு 'மொட்ட வண்டி' என்று பெயர் நிலைத்துவிட்டது.

நிறை என்று கேட்டால், சாயங்காலம் கணவாய்க் காற்று வீசும்போது வயல் ரோட்டில் போய்ப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

பக்கத்துச் சித்தூர் ரைஸ்மில்காரர் ஒருவர் அந்தக் காரின் மேல் கண் வைத்திருந்தார். வாரம் தவறாமல் போன் செய்வார். பூங்கொடி என்னிடம் பேசுவதைவிட அவரிடம் மரியாதையாகப் பேசுவாள். வண்டி எந்த நாளும் கைவிட்டுப் போகும் என்ற நிலையில்தான் சித்திரபுரத்திலிருந்து ஞானப்பிரகாசம் கூப்பிட்டான்.

ஞானம் என் சிநேகிதன். பொள்ளாச்சியில் ஐ.டி.ஐ. படித்த காலத்தில் ஒரே அறையில் இருந்தோம். இப்போது மூணாறுக்குப் பக்கத்தில் தேயிலை எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருக்கிறான். அவர்கள் கோயிலில் குருத்தோலை ஞாயிறுக்கு ஓலை ஏற்பாடு செய்வது அவன் பொறுப்பு. அந்த உயரத்தில் தென்னை வளராது. ஒரு கன்று வைத்துப் பார்த்தார்கள், அது மூன்று வருடம் முழங்கால் உயரத்திலேயே நின்று குளிரில் செத்துப்போனது. அதனால் குருத்தோலை கீழ்நாட்டிலிருந்துதான் போக வேண்டும்.

"ஓல ஏத்திட்டு வந்த காய்கறி லாரிக்காரரு தொழில விட்டுட்டாரு மாப்ள," என்றான். "போன வருசம் ஒருத்தரு கார்ல மடக்கித் திணிச்சுக் கொண்டாந்தாரு. எல்லாம் ஒடிஞ்சு கருத்துப் போச்சு. கடைசில ஏலக்காய் எலையப் புடிச்சுக்கிட்டு ஓசன்னா பாடுனோம். ஃபாதர் பரவால்லன்னுட்டாரு. எனக்குத்தான் மனசு ஆறல."

என் வாய் சும்மா இருக்கவில்லை. "எங்கிட்டக் கூரையே இல்லாத வண்டி இருக்குது மாப்ள. எட்டடிக் குருத்த மடக்காம நிமுத்தி வெச்சுக் கொண்டாறேன்," என்று சொல்லிவிட்டேன்.

பூங்கொடி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் வெளியே வந்தாள். "ஏனுங்க, பேச்சு பேச்சா இருக்கட்டும். குருத்து அத்தனையும் முழுசாப் போய்ச் சேந்துதுன்னா வண்டி ஊட்டுல இருக்கட்டும். நாஞ் சாகற வரைக்கும் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஒண்ணு கொறஞ்சாலும் ரைஸ்மில்காரருக்குக் குடுத்துப்போடோணும். சம்மதமுங்களா?"

சம்மதம் என்றேன். வேறென்ன சொல்வது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மரம் ஏறுகிறவரை அழைத்து, வயதான மரங்களாகப் பார்த்து, மரத்துக்கு ஒன்று என்று பன்னிரண்டு குருத்து இறக்கினோம். விரியாத குருத்து ஈட்டி மாதிரி இருக்கும், நிறம் வெண்ணெய் நிறம். ஈரச் சாக்கில் அடியைச் சுற்றி, பின்சீட்டின் காலடியில் ஊன்றி, நுனிகள் பின்பக்கமாக வானத்தைப் பார்க்கும்படி கட்டினோம். கட்டி முடித்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. குருத்து இருக்கிற வரைக்கும் கூரையை மூட முடியாது. மடிந்து கிடக்கிற துணிக்கூரை எழுந்து வர வேண்டிய வழியில்தான் பன்னிரண்டும் சாய்ந்து நின்றன. இதை நான் பூங்கொடியிடம் சொல்லவில்லை. அவள் என்னிடம், தானும் வருவதாகச் சொன்னாள். "சாட்சி வேணுமில்லீங்களா?"

சனிக்கிழமை விடிந்தும் விடியாமல் கிளம்பினோம். சித்திரபுரம் எங்கள் மாநிலத்தில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே போக நாங்கள் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, சுற்றி, மறுபடி கேரளத்துக்குள் நுழைய வேண்டும். ஒரே நாளில் இரண்டு முறை எல்லை தாண்டுகிற கௌரவம் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இலவசமாகக் கிடைப்பது.

கோபாலபுரம் சோதனைச் சாவடியில் ஒருவர் கை காட்டி நிறுத்தினார். காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். மலையாளத்தில் கேட்டதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இதைக் கம்பெனியே இப்படிக் கொடுத்ததா, நீங்கள் வெட்டினீர்களா?" கம்பெனிதான் என்று சொல்லிப் பத்திரத்தைக் காட்டினேன். "கூரை திறக்கும், மூடும் என்று இருக்கிறது. மூடிக் காட்டுங்கள்."

மூட முடியாது என்றேன். ஏன் என்றார். நான் திரும்பிக் குருத்தைக் காட்டினேன். அப்போதுதான் பூங்கொடிக்கு விஷயம் விளங்கியது. அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு அந்த அதிகாரியே பயந்துபோய், பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"மழ வந்தா என்னங்க பண்ணுவீங்க?" என்றாள், வண்டி நகர்ந்ததும். பதினோரு மாதமாகச் சொல்லி வந்த இருபது விநாடிப் பதில் அன்றைக்கு உதவாது.

பொள்ளாச்சிக்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு விஷயத்தைக் கவனித்தேன். எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழி விடுகிறார்கள். மொபெட்டில் வந்த ஒருவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். எனக்கு ஏக சந்தோஷம். காருக்கு எவ்வளவு மதிப்பு பார் என்று பூங்கொடியிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் டீக்கடை முன்னால் ஒரு பெரியவர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எங்கள் பக்கம் குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"யாருங்க தவறிட்டாங்க?"

திறந்த வண்டி, தென்னங்குருத்து, முன்சீட்டில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருக்கும் பெண். பிணம் எடுக்கப் போகிற வண்டி என்று நினைத்திருக்கிறார்கள். நான் விளக்கம் சொல்வதற்குள் பூங்கொடி முந்திக்கொண்டாள்.

"இன்னும் ஆருமில்லீங்க. பொழுதுக்குள்ள ஒருத்தரு போவாரு."

பெரியவர் என்னைப் பார்த்த பரிவை நான் மறக்க மாட்டேன். கொஞ்ச தூரம் போனதும் பூங்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. வண்டியை ஓரம் கட்டிச் சிரித்தோம். கூரையுள்ள கார்க்காரர்களுக்கு இந்த மாதிரி ஒரு மரியாதை வாழ்நாளில் கிடைக்காது.

சாப்பாட்டு விஷயத்தில் திறந்த கார் கஷ்டம்தான். ஓட்டலுக்குள் இருவரும் போக முடியவில்லை. இரண்டு ஆடுகள் ஏற்கெனவே பின்சக்கரத்தில் முன்னங்காலை வைத்து ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தன. சர்வர் நல்ல மனிதர். இட்லியையும் நிலக்கடலைச் சட்னியையும் வண்டிக்கே கொண்டுவந்து மடியில் இலை விரித்தார். நடைபாதையில் போகிற ஒவ்வொருவரும் எங்கள் இலையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். "சட்னி பத்துலீங்க, இன்னும் கேளுங்க," என்று ஒரு அம்மாள் சிபாரிசு செய்தார். கேட்டோம், வந்தது.

உடுமலை தாண்டுவதற்குள் வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கு முன்பக்கம் முடி கிடையாது. பூங்கொடி குடையை விரித்தாள். முதல் காற்றிலேயே அது மேல்நோக்கித் திரும்பிக்கொண்டது. கொண்டுவந்த தண்ணீரை அரை மணிக்கு ஒருமுறை குருத்தின் அடிச்சாக்கில் ஊற்றினாள். எனக்கு ஒரு வாய் கேட்டேன்.

"ஓலை வாடிப்போனா வண்டி போயிரும். நீங்க வாடுனா ஒண்ணுமில்லீங்க," என்றாள். யார் வண்டியைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள் என்று எனக்கே குழப்பமாகிவிட்டது. அவள் சாட்சியாக வந்தவள், எதிர்த்தரப்பு. ஆனால் ஒரு வேலையைக் கையில் எடுத்துவிட்டால் அரைகுறையாகச் செய்ய அவளுக்குத் தெரியாது. தினமும் பிக்கப்பில் பால் கேன்களை ஏற்றிக்கொண்டு சொசைட்டிக்குப் போகிறவள். ஒரு சொட்டுச் சிந்தினாலும் அன்றைக்கு முழுக்க முகம் சரியிருக்காது.

சின்னாறு காட்டு முகப்பில் வனக்காவலர் ஒருவர் எங்களைப் பார்த்ததும் டீக் கிளாஸைக் கீழே வைத்தார். அவர் பேசியது தமிழ்தான், மேலே மலையாளம் பூசிய தமிழ்.

"சாரே, இது என்ன, ஆனைக்குப் பார்சலா?"

அந்த நிமிஷம் வரைக்கும், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது தோன்றவே இல்லை. தென்னை வைத்திருக்கிறவன் நான். எங்கள் பக்கத்தில் யானை இறங்கினால் முதலில் தின்பது தென்னங்குருத்தைத்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், பன்னிரண்டு குருத்தைக் கூரையில்லாத காரில் நட்டுக்கொண்டு யானைக் காட்டுக்குள் போக வந்திருக்கிறேன்.

"கூரையப் போட்டு கண்ணாடிய ஏத்திட்டுப் போணும்," என்றார். கூரை போட முடியாத கதையைச் சொன்னேன். திரும்பிப் போவதாக இருந்தால் இப்போதே போகலாம் என்றார். நான் பூங்கொடியைப் பார்த்தேன். திரும்பினால் வண்டி போச்சு. அவள் வனக்காவலரைப் பார்த்துச் சொன்னாள். "அங்க ஒரு ஊருச் சனமே இந்த ஓலைக்குக் காத்துட்டிருக்குதுங்க. நாங்க போறமுங்க." சரி, பஸ் பின்னாலேயே ஒட்டிப் போங்கள், எங்கேயும் நிறுத்தாதீர்கள் என்று அனுப்பிவைத்தார்.

பஸ் பின்னாலேயேதான் போனோம். மலைப்பாதை பஸ் டிரைவர்கள் எப்படி ஓட்டுவார்கள் என்று தெரிந்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது வளைவில் பஸ் காணாமல் போய்விட்டது. ஐந்தாவது வளைவில் ஒரு ஜீப் நின்றுகொண்டிருந்தது. ஜீப்பிலிருந்தவர் கையை மட்டும் வெளியே நீட்டி, அசையாதே என்று காட்டினார்.

ரோட்டோரம் ஒரு பெண் யானை. அது ஜீப்பைப் பார்க்கவில்லை. தும்பிக்கையைத் தூக்கிக் காற்றை மோந்தது. காற்று எங்கள் பக்கத்திலிருந்துதான் வீசிக்கொண்டிருந்தது.

கூரையுள்ள காரில் யானையைப் பார்ப்பது வேறு. கூரையில்லாத காரில் யானை பக்கத்தில் வந்து நின்றால் முதலில் வெயில் மறைகிறது. காலையிலிருந்து மண்டை காய்ந்தவனுக்கு அந்த நிழல் இதமாகக்கூட இருந்தது. அப்புறம் அதன் மூச்சு வந்தது, சாணமும் பச்சிலையும் கலந்த சூடான மூச்சு. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் முருகனைக் கூப்பிட்டேன்.

யானை அவசரமே படவில்லை. கட்டிலிருந்து ஒரு குருத்தை உருவியது, காலில் தட்டியது, வாயில் போட்டது. மென்று முடித்து இரண்டாவதை உருவியது. ஒவ்வொரு குருத்தும் முறிகிற சத்தம் என் காதில் 'ரைஸ்மில், ரைஸ்மில்' என்று கேட்டது. மூன்று, நான்கு, ஐந்து.

"ஏனுங்க சாமி, போதுமுங்க," என்று ஒரு குரல். பூங்கொடி யானையோடு பேசிக்கொண்டிருந்தாள்.

ஆறு. ஏழு.

அப்போது பூங்கொடி எழுந்தாள். சீட்டின் மேல் கால் வைத்துப் பின்சீட்டுக்கு நழுவி, மிச்சக் குருத்துகளின் மேல் இரண்டு கையையும் பரப்பிக் குப்புறப் படுத்துக்கொண்டாள். யானை நின்று பார்த்தது. தும்பிக்கை இறங்கி வந்து அவள் முதுகை மோந்தது, கழுத்தை மோந்தது, பிறகு தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை மெதுவாக, முடியில் ஒன்றுகூட இழுபடாமல், கழற்றி எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. அந்த நேரத்தில் எதிர்ப்பக்கமிருந்து ஒரு பஸ் உறுமிக்கொண்டு வந்து நின்றது. யானை சலித்துக்கொண்ட மாதிரி காதை ஆட்டிவிட்டுக் காட்டுக்குள் இறங்கிவிட்டது.

நான் திரும்பிப் பார்த்தேன். "உசுரு இருக்குதா கண்ணு?" என்றேன்.

"அஞ்சு இருக்குதுங்க," என்றாள், குருத்தைச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன். ஜீப்காரர் வந்து தண்ணீர் கொடுத்தார்.

மறையூரில் நிறுத்தி ஆளுக்கு இரண்டு டீ குடித்தோம். கரும்புப்பால் காய்கிற வாசனை வெல்ல ஆலை கண்ணில் படுவதற்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே வண்டிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கண்ணாடி ஏற்றிய காரில் இது கிடைக்காது என்று சொன்னேன். அவள் சுக்கு போட்ட வெல்ல உருண்டையைக் கடித்தாள். நான் மெதுவாகக் கேஸை ஆரம்பித்தேன். ஓலை ஒடியவில்லை, வாடவில்லை. யானை தின்றது தெய்வச் செயல். அதைக் குறைந்ததாகக் கணக்கில் எடுப்பது நியாயமா?

"போய்ச் சேரட்டுமுங்க. அப்பறம் பேசலாம்," என்றாள்.

மேலே ஏறி, தேயிலை ஆரம்பித்த இடத்தில் கோடை மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் இந்த மாதம் வானத்தில் ஒரு துண்டு மேகம் வந்தால் வெளியே வந்து பார்ப்போம். இங்கே கேட்காமலே கொட்டுகிறது. பொத்தானின் மேல் என் விரல் தானாகப் போனது. பூங்கொடி என் கையைத் தட்டிவிட்டாள். "மூடுனா அஞ்சும் ஒடிஞ்சு போகுமுங்க. ஓட்டுங்க!"

ஓட்டினேன். கண் தெரியவில்லை, பல் தந்தியடித்தது, காலடியில் கணுக்கால் உயரத்துக்குத் தண்ணீர். அவள் டிபன் பாக்ஸ் மூடியால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினாள். குருத்துக்கு மட்டும் கொண்டாட்டம், காலையில் வெட்டியது போலப் பளபளத்தது. ஒரு சுற்றுலாக் கார் எங்களை ஒட்டி வந்து வேகத்தைக் குறைத்தது. உள்ளே இருந்த பெண்மணி மலையாளத்தில் கணவரிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது. "பாவம், கார் வாங்கியவர்கள் மேலே கூரை போடவும் கொஞ்சம் காசு வைத்திருக்கக் கூடாதா?"

பூங்கொடி மொண்டுகொண்டே சிரிக்க ஆரம்பித்தாள். நனைந்த புடவையும் யானை எச்சில் பட்ட தலையுமாக, வாய்விட்டு, கோடை மழையை விழுங்கிக்கொண்டு சிரித்தாள். இருபத்தாறு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சித்திரபுரத்தில் ஞானம் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தான். "என்ன மதினி, ஆத்துல விழுந்து எந்திரிச்ச மாரி வந்திருக்கீக!" என்று ஓடி வந்தவன், குருத்தை எண்ணினான். மறுபடி எண்ணினான். பன்னிரண்டு என்று போனில் சொல்லியிருந்தேன். யானை விஷயத்தைச் சொன்னோம். அவன் மனைவி ஸ்டெல்லா பூங்கொடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே இழுத்துப் போனாள். ஞானம் மட்டும் ஓலைகளைத் தடவிக்கொண்டு நின்றான்.

"பத்துமா மாப்ள?" என்றேன்.

"முன்னெல்லாம் ஆளுக்கு ஒரு கை நெறையக் குடுப்போம். இப்ப ஆளுக்கு ஒரு எலைன்னு கிழிச்சா..." என்று நிறுத்தினான். "கிழிச்சுப் பாப்போம் மாப்ள."

தவக்காலமாகையால் இரவுச் சாப்பாட்டுக்குக் கறி மீன் கிடையாது. சூடான கஞ்சி, பயறு, காந்தாரி மிளகாய்த் துவையல். குளிரில் அந்தக் கஞ்சி இறங்கியதை எழுத்தில் சொல்ல முடியாது. சாப்பிட்டுவிட்டு நால்வரும் உட்கார்ந்து குருத்தைப் பிரித்தோம். ஒரு குருத்துக்குள் நூற்றுக்கு மேல் இலை இருக்கும், ஈர்க்கோடு ஒட்டிக்கொண்டு. பூங்கொடியின் கை எல்லோரையும்விட வேகம். ஒரு இலையைக்கூட அவள் கிழித்துக் கெடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. எஸ்டேட் மைதானத்திலிருந்து கோயிலுக்குப் பவனி. மூடுபனிக்குள்ளிருந்து சனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள், ஸ்வெட்டரும் மப்ளருமாக. ஞானம் கூடையோடு நின்று ஆளுக்கு ஒரு இலை கொடுத்தான். போன வருடம் ஏலக்காய் இலை பிடித்தவர்கள் ஆளாளுக்கு அந்த வெண்மஞ்சள் இலையை வாங்கி, கன்னத்தில் ஒற்றி, மோந்து பார்த்தார்கள். கூடை காலியாகிக்கொண்டே வந்தது. நான் கூடைக்குள்ளேயே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு அம்மாள் கைக்குழந்தையோடு ஓடி வந்தார். அவருக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று. அப்புறமும் கூடையில் இரண்டு இருந்தன.

ஞானம் ஒன்றைத் தனக்கு எடுத்துக்கொண்டு, மற்றதைப் பூங்கொடியிடம் நீட்டினான். "இது ஒங்களுக்கு மதினி. வீட்ல சாமி படத்துல சொருகி வச்சிருங்க. அடுத்த வருசம் சாம்பல் புதனுக்கு முன்னால எல்லாரும் பழைய ஓலையத் திருப்பிக் கொண்டாந்து குடுக்கணும். எரிச்சு, அந்தச் சாம்பலத்தான் நெத்தில பூசுவாக."

"கட்டாயம் குடுக்கோணுமுங்களா?" என்று கேட்டாள்.

"குடுக்கணும் மதினி."

அவள் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். பாட்டு கிளம்பியது, கூட்டம் நகர்ந்தது. அவளுக்கு ஒரு வரியும் தெரியாது. ஆனாலும் மற்றவர்கள் ஓலையைத் தூக்கியபோதெல்லாம் தூக்கினாள். நான் அவள் பக்கத்தில் வெறுங்கையோடு நடந்தேன். வண்டி போனால் போகிறது என்று அப்போது தோன்றியது. சாயங்காலம் அந்த எண்ணம் போய்விட்டது, வயிறு எரிந்தது.

திங்கட்கிழமை கிளம்பும்போது பையை வைத்துவிட்டு, வெயிலுக்கு ஞானத்திடம் ஒரு தொப்பி வாங்கி மாட்டிக்கொண்டு வந்து பார்த்தால், பூங்கொடி ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஓலை முன்கண்ணாடிக்கு மேலே சொருகியிருந்தது.

"எறங்கு கண்ணு, போலாம்."

"நீங்க அந்தப் பக்கம் ஏறுங்க," என்றாள். "பந்தயத்துல தோத்தது ஆருங்க? பன்னண்டு குருத்துக்கு அஞ்சுதான வந்து சேந்துச்சு? வண்டி இனி உங்களுது இல்லீங்க."

யானை, தெய்வச் செயல், எல்லாவற்றையும் மறுபடி எடுத்துச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே கியரைப் போட்டாள். மலைப்பாதையை அவள் ஓட்டிய விதத்தைப் பார்த்தால் பால் கேன்கள் ஏன் சிந்துவதில்லை என்று புரிந்துவிடும். சின்னாறு முகப்பில் அதே வனக்காவலர் எட்டிப் பார்த்தார். "இன்னைக்குப் பார்சல் இல்லையா?" என்றார். "அடுத்த வருசம் வருமுங்க," என்றாள். எனக்கு அந்தப் பதில் காதில் விழுந்தது. அதன் அர்த்தம் உடனே ஏறவில்லை.

செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் சீட்டைச் சாய்த்து அண்ணாந்து பார்த்தேன். மரக்கிளைகள் போயின, கருங்குரங்கு ஒன்று போனது, பிறகு வெறும் நீலம். பதினோரு மாதமாக ரோட்டையும் குழியையும் பார்த்தே ஓட்டியிருக்கிறேன். இந்த வண்டிக்கு மேலே இவ்வளவு இருக்கிறது என்று பக்கத்துச் சீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

கோபாலபுரம் நெருங்கும்போது என் போன் அடித்தது. ரைஸ்மில்காரர். ஸ்பீக்கரில் போட்டு அவள் பக்கம் நீட்டினேன். "சொல்லுங்க," என்றாள்.

"அம்மிணி, வண்டி விசயம் என்னாச்சுங்க? இன்னைக்கிச் சொல்றதாச் சொன்னீங்களே."

"வண்டி கைமாறிப் போச்சுங்களே," என்றாள் பூங்கொடி.

"அடடா! ஆருக்குங்க?"

"எனக்குத்தானுங்க," என்று சொல்லிவிட்டு, ஆக்சிலேட்டரை மிதித்தாள். என் தொப்பி பறந்து போனது. நிறுத்தச் சொன்னேன், நிறுத்தவில்லை.